உருண்டைக் கொட்டைகளுக்கு நான் போட்ட ரிஜெக்ட்

“உனக்குத் தூளுக்கும் கொட்டைக்குமே வித்தியாசம் தெரியாது. நீ போய் எதப் பாத்து வாங்குவ?”

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் நாலு மேஜைக்குக் கேட்கும்படி அக்கா இதைச் சொன்னார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கம்பெனியில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடும் மேஜை அவருடையது. மாயவரத்துப் பக்கத்துக்காரர். அப்போது ஏழு மாத கர்ப்பம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு டம்ளர் காபிதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

“ஒரு டம்ளர்னு ஆயிட்டா அந்த ஒரு டம்ளராவது காபியா இருக்க வேணாமா?” என்பார். கேன்டீன் காபியை அவர் காபிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வறுத்த கொட்டையாக வாங்கி, வீட்டில் கை மிஷினில் அன்றன்றைக்கு அரைத்து, ஃபில்டரில் இறக்கிக் குடிப்பவர். அந்தக் கொட்டை தீர்ந்துபோயிருந்தது. வேலைக்குப் போய்வருவது தவிர வேறு அலைச்சல் கூடாது என்பதும் டாக்டர் உத்தரவு. வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி.

“ஓ.டி. இல்லன்னாலும் அவர அனுப்ப மாட்டேன். கடைக்காரன் புளியங்கொட்டையக் குடுத்தாலும் தேங்ஸ் சொல்லி வாங்கிட்டு வருவாரு.”

அப்போதுதான் நான், “நான் வாங்கிட்டு வரேங்க்கா” என்றேன். அதற்கு வந்த பதில்தான் மேலே சொன்னது.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அக்கா சொன்னதால் சுருக்கென்றது. இன்னும் மூன்று வாரத்தில் அவர் பிரசவ லீவில் போகிறார். அந்த மேஜைக்கு யாரைப் போடலாம் என்று சூப்பர்வைசர் அவரிடமே கேட்டிருந்தார். இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒன்று, லைனில் வேலை செய்த விருதுநகர்ப் பக்கத்துப் பையன். இன்னொன்று நான்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனில் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். மேஜைக்கோ முதுகு சாய்க்கும் நாற்காலி உண்டு. தலைக்கு மேல் தனி டியூப் லைட், கைக்கு ஒரு பூதக்கண்ணாடி, பச்சையிலும் சிவப்பிலும் ஒவ்வொரு முத்திரை. சிவப்பு முத்திரையைக் குத்தி, கீழே கையெழுத்துப் போட்டால் கேட்டுக்கு வெளியே ஒரு லாரி அப்படியே நிற்கும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. ரேஷன் கடையானாலும் பேங்க் ஆனாலும் அம்மாவும் அப்பாவும் விரலை மையில் தொட்டு வைத்தவர்கள். என் கையெழுத்துக்கு ஒரு லாரி நிற்கும் என்பதை நினைத்தாலே கம்பெனி பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

தகுதி இல்லாமலும் ஆசைப்படவில்லை. ஒரு தட்டு வாஷரைக் கொட்டினால் அதில் ஒன்று கோணலாக இருந்தாலும் என் கண் நேராக அதில்தான் போய் நிற்கும். லைனில் இருந்தபடியே மூன்று முறை தப்புச் சரக்கைப் பிடித்திருக்கிறேன். இரண்டு முறை சரியாக இருந்த சரக்கையும் பிடித்திருக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதை விடுங்கள்.

என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, அக்கா இறங்கி வந்தார். “சரி, போயிட்டு வா. ஸ்ரீபெரும்புதூர் தேரடிகிட்ட ஒரு காபிக் கடை இருக்கு. வழக்கமா எனக்குப் போடறதுல அரைக் கிலோன்னு சொல்லு. கொட்டை நல்லா இருக்கான்னு பாத்து, கலப்படம் இல்லாம வாங்கிட்டு வா. உன் கண்ணையும் ஒரு தடவ பாத்துடலாம்.”

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஹால் டிக்கெட் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உருவம், நிறம், உடைசல், தூசி என்று கட்டம் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் கட்டம் தெரியும்.

“இன்னாடி இது, பரிச்சையா?”

“காபிக் கொட்டை வாங்கப் போறேன்.”

“அதுக்கு நோட்டு இன்னாத்துக்கு? கடையில காசக் குட்த்தா பாக்கெட்டக் குட்த்துட்டுப் போறான்.”

“பாக்கெட்ல இன்னா கலந்துகீதோ யாருக்குத் தெரியும்? கொட்டையா இருந்தாதான் சோதிக்க முடியும்.”

“நம்ம வூட்ல பொறந்ததுலருந்து டீ தவுர ஒண்ணுங் கெடயாது. நீ காப்பியச் சோதிக்கப் போறியா?”

“படிச்சவங்க எத வேணாலும் சோதிக்கலாம்மா.”

“அப்ப இந்த ரேஷன் அரிசியச் சோதிச்சுக் கல்லு பொறுக்கிக் குடு. ஒல கொதிக்கிது.”

பொறுக்கிக் கொடுத்தேன். ஒரு கல்கூட மீதி வைக்கவில்லை. அன்று சாப்பிடும்போது அப்பா பல்லில் எதுவும் கடிபடவில்லை என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தபோது கையில் நோட்டு, டிப்ளமோ காலத்து ஸ்டீல் ஸ்கேல், மடித்த வெள்ளைத் தாள் ஒன்று. வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால்தான் குறை பளிச்சென்று தெரியும். கடையை மூக்கை வைத்தே கண்டுபிடித்தேன். உள்ளே வறுக்கும் மிஷின் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கல்லாவில் பனியனோடு முதலாளி.

“இன்னாம்மா வேணும்? தூளு எவ்ளோ? சிக்கரி போடவா?”

“தூள் வேணாம். கொட்டை.” அக்கா யார் என்று சொன்னேன்.

“ஓ, மாயவரத்தம்மாவா? நேத்தே ஆளக் காணோமேன்னு கலந்து வெச்சுட்டேன்.” பின்னாலிருந்து கட்டிவைத்த ஒரு கவரை எடுத்து வந்து நீட்டினார்.

கலந்து வைத்துவிட்டேன் என்று அவரே வாயைவிட்டுச் சொன்னது எனக்கு உடனே உறைத்தது. கவரை வாங்கி, கல்லாப் பலகைமேல் வெள்ளைத் தாளை விரித்து, பிரித்துக் கொட்டினேன்.

“யம்மா, இன்னா பண்றே?”

“பாக்கறேன்.”

பார்த்தேன். பாதிக் கொட்டைகள் ஒழுங்காக இருந்தன: ஒரு பக்கம் தட்டை, நடுவில் ஒரு கோடு, மறுபக்கம் முதுகு. மீதிப் பாதி அப்படியில்லை. பட்டாணிபோல உருண்டை. தட்டையே இல்லை. அளவிலும் சின்னது. ஸ்கேலை வைத்து அளந்து நோட்டில் எழுதினேன். ஒரு லாட்டில், அதாவது ஒரு தடவை வரும் சரக்கில், பாதி உருவம் தப்பென்றால் எங்கள் கம்பெனியில் லாரியிலிருந்தே இறக்க விடமாட்டார்கள்.

“அண்ணா, இது இன்னா?” என்று ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினேன்.

“அது பீபெரிம்மா.”

இங்கே ஒன்று விளக்க வேண்டும். சரக்கு அனுப்பும் வெண்டர்கள் எல்லாக் குறைக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நாம் பிசிறு என்றால், “அது கட்டிங் மார்க் மேடம்” என்பார்கள். கீறல் என்றால், “ஹேண்ட்லிங் லைன்” என்பார்கள். இங்கிலீஷில் பெயர் வைத்துவிட்டால் குறை குணமாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே பீபெரி என்று கேட்டதும், ஓகோ, இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது.

“பேரெல்லாம் இருக்கட்டும். மத்ததெல்லாம் தட்டையா இருக்குல்ல, இது மட்டும் ஏன் உருண்டையா கீது?”

“பீபெரின்னா அப்டித்தாம்மா இருக்கும். பழத்துக்குள்ள ஒத்தையா வெளஞ்ச கொட்ட அது. வெலையும் கூட.”

“குறைக்கு வெல வேற கூடவா?”

அவர் என் ஸ்கேலை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். “நீ இன்னா வேல பாக்குறே?”

“குவாலிட்டி,” என்றேன். மூன்று வாரம் கழித்து உண்மையாகப்போகிற விஷயத்தை முன்கூட்டியே சொல்வதில் தப்பில்லை.

“அதானே பாத்தேன்,” என்றார். “சரி, இப்ப இன்னா பண்ணலாங்கறே?”

“உருண்டையெல்லாம் எடுத்துட்டு, அந்த எடைக்கு நல்லதாப் போட்டுக் குடுங்க.”

“அந்தம்மா திட்டுவாங்க.”

“கலப்படம் இருக்கக் கூடாதுன்னு அந்தம்மாதான் சொல்லி அனுப்பினாங்க.”

“பீபெரி கலப்படம் இல்லம்மா…” என்று மறுபடி ஆரம்பித்தவர், கையை உதறிவிட்டார். “யப்பா, என்னால இத்தயெல்லாம் பொறுக்கிக்கினு இருக்க முடியாது. நீயே பொறுக்கு.” ஒரு ஸ்டூலையும் பெரிய தகர மூடி ஒன்றையும் தள்ளினார்.

கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் மதியமாகிவிடும். மூடியில் ஒரு கை கொட்டையைப் பரப்பி யோசித்தேன். பிறகு மூடியை ஒரு பக்கம் மெல்லச் சாய்த்தேன். உருண்டைகள் எல்லாம் கடகடவென்று உருண்டு கீழே ஓடின. தட்டைகள் வயிற்றை ஒட்டிக்கொண்டு அப்படியே படுத்துக் கிடந்தன. இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததை நினைத்து இன்றும் எனக்குப் பெருமைதான். முதலாளியே மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

“ஏம்மா, இத யார் கத்துக் குட்த்தா? கொட்டையப் பிரிக்கிற எடத்துல மிஷினே இப்டித்தான் சாய்ச்சுப் பிரிக்கும்.”

“யாரும் கத்துக் குடுக்கல. பாத்தாத் தெரியுதே.”

அரை மணி நேரத்தில் இரண்டு குவியல். தட்டைக் குவியலில் உடைசல் இரண்டையும் கருகல் ஒன்றையும் எடுத்து உருண்டைக் குவியலில் எறிந்தேன். ரிஜெக்ட் எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அப்போது கோயிலிலிருந்து வந்த ஒருவர், நெற்றியில் நாமமும் கையில் மஞ்சள் பையுமாக உள்ளே நுழைந்தார். கண் நேராக என் ரிஜெக்ட் குவியலுக்குப் போனது.

“என்னய்யா இது, பீபெரியா? தனியாப் பொறுக்கி வெச்சிருக்கீரா?”

முதலாளி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “சார், அத வாங்காதீங்க. அது ரிஜெக்ட்.”

“யார் ரிஜெக்ட் பண்ணினா?”

“நான்தான்.”

அவர் என்னை ஒரு முறையும் குவியலை ஒரு முறையும் பார்த்தார். “நீ நன்னா இருக்கணும்மா,” என்றார். “அத்தனையும் எனக்குக் கட்டிடுமய்யா.” கட்டியதும் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

படித்தவர்போலத்தான் இருந்தார். இவ்வளவு சொல்லியும் ஏமாறுகிறாரே என்று பரிதாபமாக இருந்தது.

முதலாளி உருண்டை போன எடைக்குத் தட்டைக் கொட்டையைப் போட்டுக் கட்டினார். நான் கேட்காமலே விலையையும் குறைத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

அக்கா வீடு அங்கிருந்து நாலு தெரு. மாடிப் போர்ஷன். கதவைத் திறந்ததும் கவரையும், நோட்டிலிருந்து கிழித்த தாளையும் சேர்த்தே நீட்டினேன். தாளில் கட்டங்களுக்குக் கீழே ‘லாட் ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். தேதியும் போட்டிருந்தேன்.

அக்கா தாளைப் பார்க்கவே இல்லை. கவரைப் பிரித்து முகர்ந்தார். கையை விட்டுத் துழாவினார். நிறுத்தினார். மறுபடி துழாவினார்.

“பீபெரி எங்கடி?”

“எதுக்கா?”

“உருண்டையா இருக்குமே, பட்டாணி மாதிரி. பாதிக்குப் பாதி போடுவானே.”

“அத… ரிஜெக்ட் பண்ணிட்டேங்க்கா.”

முழுக் கதையையும் சொன்னேன். வெள்ளைத் தாள், ஸ்கேல், தகர மூடி, மஞ்சள் பைக்காரர் எதையும் விடவில்லை. அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். மஞ்சள் பை வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட தாளைக் கடைசியாகப் பார்த்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, புள்ள உதைக்குதுடி, போதும் நிறுத்து” என்றார். நான் நிறுத்தித்தான் இருந்தேன். சிரிப்பதை நிறுத்த வேண்டியவர் அவர்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஃபோன் போட்டார். கடைக்காரர் குரல் எனக்கும் கேட்டது. இருந்த பீபெரியெல்லாம் அந்தக் கவரில் போட்டதோடு சரியாம். இனிமேல் செவ்வாய்க்கிழமை வறுத்தால்தான் உண்டு. “நான் மூணு தபா சொன்னேம்மா, அந்தப் பொண்ணு கேக்கல” என்றார். பிறகு, “யம்மா, அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழமல சும்மாதான இருக்கும்? பச்சக் கொட்ட ரெண்டு மூட்ட வந்துகீது. பீபெரி தனியாப் பிரிக்கணும். வருமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அக்கா ஃபோனை வைத்தார். இப்போது சிரிக்கவில்லை. கவரிலிருந்து இரண்டு கை கொட்டையை அள்ளித் தாம்பாளத்தில் போட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. உருண்டை ஒன்றாவது தப்பியிருக்கிறதா என்று. இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டுப் பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாத குறைதான்.

“ஒண்ணுகூட இல்ல,” என்றார்.

“இருக்காதுங்க்கா.”

“வாயப் பாரு.” கை மிஷினைச் சமையல் மேடை ஓரத்தில் திருகி மாட்டினார். “சுத்து.”

சுற்றினேன். ஆட்டுக்கல்லைவிடக் கடினம். அக்கா வெந்நீர் வைத்தார். ஃபில்டரின் மேல் அடுக்கில் தூளைப் போட்டு, அழுத்தி, கொதிநீரை ஊற்றி மூடினார். டிகாஷன் இறங்கும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் கேட்டார்.

“அந்த ஆள் மூணு தடவ பேர் சொல்லியிருக்கான். ஒரு தடவையாவது, பீபெரின்னா என்னன்னு கேட்டியா?”

“ஏன் உருண்டையா இருக்குன்னு கேட்டேங்க்கா.”

“கேட்ட. அவன் சொன்ன பதில காதுல வாங்கினியா?”

நான் ஃபில்டரைப் பார்த்தேன்.

“என் மேஜைக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பேர் வந்து நிப்பாங்க. பாதிப் பேர் புளுகுவாங்க. பாதிப் பேர் உள்ளதச் சொல்வாங்க. ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் கெஞ்சும். அந்த விருதுநகர்ப் பையனுக்குக் கண்ணு உன் அளவுக்குக் கிடையாது. ஆனா யார் என்ன சொன்னாலும் நின்னு கேப்பான். எனக்கு அதான் ரெண்டு மனசா இருக்கு.”

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குக் கேட்கத் தெரியும் என்று சொன்னால் கேட்கத் தெரியாது என்று ஆகிவிடும். என் வாழ்க்கையில் அபூர்வமாக, வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஃபில்டருக்குள் சொட்டுச் சொட்டாக விழுவது கேட்டது. அந்த நாற்காலி, அந்தச் சிவப்பு முத்திரை, கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரி எல்லாம் ஒரு பிடி பட்டாணிக் கொட்டையோடு உருண்டு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. மிஷின் சுற்றியதில் கை வலிப்பதுபோலத் தோளைத் தேய்த்துக்கொண்டேன்.

அக்கா இரண்டு டம்ளரில் ஆற்றினார். எனக்கு அதுதான் முதல் ஃபில்டர் காபி. கசந்தது. அடுத்த வாய் கசந்து இனித்தது. மூன்றாவது வாயில் காதுக்குப் பின்னால் ஏதோ விழித்துக்கொண்டது.

அக்கா கண்ணை மூடிக் குடித்தார். அன்றைய நாளின் ஒரே டம்ளர்.

“மோசம் இல்ல,” என்றார். “லேசா இருக்கு. செவ்வாக்கெழம வரைக்கும் ஓட்டிக்கலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எப்படி இருக்கு?”

பிரமாதம் என்று சொல்லத்தான் நினைத்தேன். “எனக்கு நல்லது எது, கெட்டது எதுன்னு இன்னும் தெரியலக்கா. பீபெரி போட்டா என்ன மாறும்?”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். பீபெரி சேர்ந்தால் என்ன ஆகும், சேராவிட்டால் என்ன ஆகும், தன் ஊரில் எந்த வீட்டில் எவ்வளவு போடுவார்கள், அதில் யார் யாருக்குள் சண்டை என்று விலாவாரியாகச் சொன்னார். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, “நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட உன் பேரச் சொல்லிடறேன்” என்றார். “கடைக்காரன் தட்டிட்டுப் போறதுக்குள்ள சொல்லணும். ஆனா மூணு வாரமும் நீ என் பக்கத்துல உக்காந்து, வர்றவன் சொல்றத முழுசாக் கேக்கணும். லைன்ல வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட்னு மாறிக்கிட்டு இருந்தா அது முடியாது. பகல் நேர ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாத்தச் சொல்லி லெட்டர் எழுதிக் குடு.”

நான் டம்ளரின் அடியில் இருந்த நுரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“வெள்ளிக்கிழமையே குடுத்துட்டேங்க்கா. கம்பெனி பஸ் லிஸ்ட்லயும் பேர் மாத்தியாச்சு.”